எஸ்டிபிஎம் முடித்த பிறகு அரசுப் பல்கலைக்கழகப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பீடோங் வட்டாரக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கெடாவில் பீடோங், செமலிங், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் ஆறாம் படிவ மாணவர்கள், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பத்தில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் மதிப்பெண் காரணமில்லை. அவர்கள் பார்க்கும் வரிசைதான் காரணம். முதலில் பல்கலைக்கழகத்தின் பெயர், அப்புறம் படிப்பின் பெயர், கடைசியில்தான் தகுதி என்று போகிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். கையில் என்ன இருக்கிறது, அது எந்தப் படிப்புக்குப் போதும், அந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்ற வரிசையில் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த வழிகாட்டி ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்து முதல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கானது. உதாரணங்களுக்கு நம் மாநிலத்திலேயே சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தை, அதாவது யூயூஎம்மை, எடுத்துக்கொள்கிறேன். மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் முறை இதேதான்.

1. கணினியைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மின் சான்றிதழ், எஸ்டிபிஎம் மூன்று தவணைகளின் முடிவுகள், மியூட் என்ற ஆங்கிலத் தேர்வின் முடிவு, பள்ளி கொடுத்த புறப்பாட மதிப்பெண், பெற்றோரின் வருமான ஆவணம். இவற்றை முதலில் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பாதி நிரப்பிவிட்டு அம்மாவின் சம்பளச் சீட்டைத் தேடி ஓடுபவர்கள்தான் கடைசி நாளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடையாள அட்டையின் நிறத்தையும் பாருங்கள். இது மலேசியக் குடிமக்களுக்கான வழி. நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை வைத்திருக்கும் பிள்ளைகள் இன்னும் சில தோட்டக் குடும்பங்களில் இருக்கிறார்கள். அந்த விவகாரத்தைத் தேசியப் பதிவு இலாகாவில் தீர்க்காமல் இங்கே நகர முடியாது. அதற்கு எடுக்கும் காலத்தை நினைத்தால், ஆறாம் படிவத்தில் சேர்ந்த உடனே தொடங்க வேண்டிய வேலை அது.

மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் மாணவருடைய சொந்தமாக இருக்கட்டும். சைபர் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததே தெரியாமல் போனவர்கள் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று மாதத்துக்கொரு சிம் மாற்றும் பழக்கத்தையும் இந்த ஓராண்டுக்கு நிறுத்தி வையுங்கள்.

அஞ்சல் முகவரி அடுத்தது. தோட்ட வீடுகளுக்கு வரும் கடிதம் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்தில்தான் வந்து கிடக்கும். யாராவது எடுத்துவந்து கொடுத்தால்தான் உண்டு. டவுனில் மாமாவோ சித்தியோ இருந்தால் அவர்கள் வீட்டு முகவரியைக் கொடுப்பது நல்லது.

அப்பா குத்தகைக்காரரிடம் நாள் கூலிக்கு வேலை செய்தால் சம்பளச் சீட்டு இருக்காது. அதற்காக வருமானப் பகுதியைக் காலியாக விடாதீர்கள். வட்டாரத் தலைவரான பெங்ஹுலு போன்ற ஒருவரிடம் வருமான உறுதிக் கடிதம் வாங்கி வையுங்கள். பிறகு கல்விக் கடனுக்கும் அது தேவைப்படும்.

2. சரியான வாசலில் நுழைகிறோமா?

யூபியூவில் இரண்டு பிரிவுகள் உண்டு. எஸ்பிஎம் முடித்தவர்களுக்கான பிரிவில் டிப்ளோமா, அடித்தளக் கல்வி, பாலிடெக்னிக் போன்றவை வரும். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா முடித்தவர்களுக்கான பிரிவில்தான் பட்டப்படிப்பு வரும். எஸ்டிபிஎம் முடித்தவர் நுழைய வேண்டியது இரண்டாவதில்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பவர்கள் இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியை ஆசிரியர் கல்விக் கழகங்கள் நடத்துகின்றன. சுங்கை பட்டாணியிலேயே ஒன்று இருக்கிறது. அதற்கு எஸ்பிஎம் முடிவை வைத்துக் கல்வி அமைச்சிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யூபியூ பட்டியலில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது.

3. உங்கள் மெரிட் எண்ணை நீங்களே கணக்கிடுங்கள்

யாரும் செய்யாத வேலை இதுதான். ஐந்து நிமிடக் கணக்கு, ஆனால் இது இல்லாமல் மேலே போவதில் பயனில்லை.

மெரிட் என்பது இடம் கொடுக்கும்போது விண்ணப்பதாரர்களை ஒப்பிடும் மதிப்பெண். எஸ்டிபிஎம் மாணவருக்கு மொத்தம் 100 மெரிட். அதில் கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10. மொத்த சராசரிப் புள்ளியை, பிள்ளைகள் பாயின்டர் என்று சொல்வதை, 4.00-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள். அதனுடன் புறப்பாட மதிப்பெண்ணைக் கூட்டுங்கள்.

ஒருவர் பொது அறிவுப் பாடமான பெங்காஜியான் ஆமில் பி, தமிழில் ஏ மைனஸ், வரலாற்றில் பி பிளஸ், வணிகவியலில் பி எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகள் 3.00, 3.67, 3.33, 3.00. கூட்டினால் 13.00, நான்கால் வகுத்தால் 3.25. கல்விப் பகுதிக்கு 73.13 வரும். புறப்பாடத்தில் 7.20 இருந்தால் மெரிட் 80.33.

அதே பிள்ளைக்குப் புறப்பாடத்தில் 9.20 இருந்திருந்தால் 82.33 ஆகியிருக்கும். வரலாற்றில் பி பிளஸுக்குப் பதிலாக ஏ மைனஸ் எடுத்திருந்தால்கூட ஏறத்தாழ அவ்வளவுதான் கூடியிருக்கும். சீருடை இயக்கத்தையும் சங்கங்களையும் வெட்டி வேலை என்று சொல்லும் பெற்றோரிடம் நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

ஐந்து பாடம் எழுதியவர்களுக்கு பெங்காஜியான் ஆமும், மற்றவற்றில் சிறந்த மூன்றும் மட்டுமே சராசரியில் சேரும். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்துவிட்டு மனம் உடைந்து உட்கார வேண்டாம்.

4. புறப்பாட மதிப்பெண்ணைப் பள்ளியில் இருக்கும்போதே சரிபாருங்கள்

எஸ்டிபிஎம் மாணவரின் புறப்பாட மதிப்பெண்ணைப் பதிவு செய்வது பள்ளி. பதவி, பங்கேற்பு, எந்த மட்டத்தில் போட்டியிட்டார் என்பதையெல்லாம் ஆசிரியர் பதிந்தால்தான் எண் கூடும். மாவட்ட அளவில் சிலம்பத்திலோ கபடியிலோ பரிசு வாங்கிவிட்டு, சான்றிதழின் நகலைப் பொறுப்பாசிரியரிடம் கொடுக்காமல் வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பதால் ஒன்றும் ஏறாது.

கடைசித் தவணை முடிவதற்குள் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியை விட்டு வந்தபின் திருத்துவது பெரும்பாடு. பொறுப்பாசிரியரே மாற்றலாகிப் போயிருப்பார்.

5. படிப்புப் பட்டியலை எப்படி வாசிப்பது

யூபியூ தளத்தில் இ-பண்டுவான் என்ற வழிகாட்டிப் பகுதி இருக்கிறது. எல்லா அரசுப் பல்கலைக்கழகப் படிப்புகளும் குறியீட்டோடு அங்கே இருக்கும். விண்ணப்பம் திறப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே உட்கார்ந்து வாசியுங்கள்.

முதலில் பொதுத் தகுதி. எஸ்பிஎம்மில் மலாய் மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி. எஸ்டிபிஎம்மில் சராசரி 2.00, பெங்காஜியான் ஆமோடு இன்னும் இரண்டு பாடங்களில் குறைந்தது சி. கூடவே மியூட். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றது எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை.

அடுத்தது அந்தந்தப் படிப்புக்கான சிறப்புத் தகுதி. திரையில் சியாராட் காஸ் என்று இருக்கும். ஆட்கள் விழுவது இந்த இடத்தில்தான். கலைப்பிரிவில் படித்த பிள்ளை 3.50 வைத்திருக்கும். ஆனால் எஸ்பிஎம் கணிதத்தில் கிரெடிட் இருக்காது. கணக்கியல், நிதி, தகவல் தொழில்நுட்பம் போன்றவை ஒரேயடியாகக் கைவிட்டுப் போகும். சில கணினிப் படிப்புகள் கூடுதல் கணிதத்தையும் கேட்கும். எஸ்டிபிஎம் எழுதிய பிறகும் எஸ்பிஎம் முடிவு நம்மைத் துரத்தும் என்பது பலருக்கு இங்கேதான் தெரியவருகிறது.

மியூட் பேண்டும் படிப்புக்குப் படிப்பு மாறும். சட்டம் கேட்பதும் சமூகப்பணி கேட்பதும் ஒன்றாக இருக்காது. பேண்ட் போதவில்லை என்றால் அடுத்த மியூட்டில் மறுபடி உட்காரலாம். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் நடக்கிறது. எஸ்டிபிஎம் இரண்டாம் தவணைக்குள் ஒரு முறை எழுதிவிட்டால், சரியாக வராதபோது இன்னொரு முறைக்கு இடம் இருக்கும்.

அப்புறம் சராசரி மெரிட். முந்தைய சேர்க்கையில் அந்தப் படிப்பில் இடம் கிடைத்தவர்களின் சராசரி அது. பலர் இதையே கட் ஆஃப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சராசரி என்றால் அதற்குக் கீழேயும் சிலர் நுழைந்திருக்கிறார்கள். உங்கள் எண் 80.33, படிப்பின் சராசரி 82 என்றால் முயன்று பார்க்கலாம். சராசரி 94 என்றால் அது ஆசைக்கு மட்டும்.

கடைசியாக வளாகம், செமஸ்டர் எண்ணிக்கை, நேர்முகம் உண்டா இல்லையா. மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. பல்கலைக்கழகம் எதற்கு இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாப் பல்கலைக்கழகத்திலும் எல்லாம் இருக்காது. யூயூஎம் 1984-இல் நிர்வாகவியலுக்காகத் தொடங்கப்பட்டது. கணக்கியல், வங்கியியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், தளவாடம் (லாஜிஸ்டிக்ஸ்), பொருளாதாரம், பொது நிர்வாகம், அனைத்துலக உறவு, சட்டம், சுற்றுலா, தகவல் தொழில்நுட்பம், மல்டிமீடியா, ஆலோசகப் பணி, சமூகப்பணி, கல்வியியல் ஆகியவை அதன் களம். மருத்துவமும் பொறியியலும் அங்கே இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஓர் அப்பா “சிந்தோக்கில் டாக்டருக்குப் போட்டுவிடுங்கள்” என்று வந்து நிற்பார்.

பொறியியல் வேண்டுமென்றால் வடக்கே பெர்லிஸில் யூனிமாப் இருக்கிறது. தெற்கே பத்து பகாட் பக்கம் பாரிட் ராஜாவில் யூடிஎச்எம், மலாக்காவில் யூடெம், பகாங்கில் இன்னொன்று. இந்த நான்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள். ஆசிரியர் கல்விக்கு தஞ்சோங் மாலிமில் உப்சி. தமிழைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற உப்சியும் மலாயாப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மலாயாவின் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. யூஐடிஎம் பூமிபுத்ராக்களுக்கானது என்பதால் பட்டப்படிப்புக்கு நாம் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

உப்சியில் கல்வியியல் முடித்தாலே அரசு வேலை கையில் வந்துவிடும் என்பது பழைய கணக்கு. இப்போது பட்டம் முடித்த பிறகு கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத்தைத் தாண்ட வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் போகலாம், நல்ல வழிதான்.

தூரத்தையும் யோசியுங்கள். பீடோங்கிலிருந்து சிந்தோக்குக்கு நெடுஞ்சாலையில் வடக்கே போய் சங்லூனில் திரும்ப வேண்டும். காரில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகலாம். பாரிட் ராஜாவுக்குப் போகிற பிள்ளை தீபாவளிக்கு வருவதற்கே பேருந்துச் செலவைக் கணக்குப் பார்க்கும். பெண் பிள்ளையைத் தூரமாக அனுப்பத் தயங்கும் வீடுகளில், விண்ணப்பிக்கும் முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும். இடம் கிடைத்தபிறகு “வேண்டாம்” என்று சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

7. பெயரில் ஒன்றுபோல் இருப்பவை, பட்டம் வாங்கியபின் வேறாகிவிடுபவை

கெஜுருதெராஆன் (பொறியியல்) என்று பெயர் கொண்ட படிப்பும் தெக்னோலோகி கெஜுருதெராஆன் (பொறியியல் தொழில்நுட்பம்) என்று பெயர் கொண்ட படிப்பும் ஒன்றல்ல. முதலாவது முடித்தவர், அந்தப் படிப்புக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் இருந்தால், பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதியலாம். இரண்டாவது செயல்முறை அதிகமுள்ள படிப்பு. அதை முடித்தவர் தொழில்நுட்பவியலாளராகப் பதிவார். தொழிற்சாலையில் கைவேலை தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு, இரண்டாவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் இஞ்சினியர் ஆகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அதில் போய் உட்காரக் கூடாது.

கணக்கியலில் பட்டம் எம்ஐஏ என்ற கணக்காளர் கழகம் ஏற்பதா என்று பாருங்கள். யூயூஎம்மின் கணக்கியல் பட்டம் ஏற்கப்பட்டது. நிதி, வங்கியியல் பட்டங்கள் வேறு. அவற்றை முடித்தால் நேரடியாகக் கணக்காளர் ஆக முடியாது. ஆலோசகராக வேலை செய்ய 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். உளவியல் படித்துவிட்டு அதற்குப் போக நினைத்தால் இடறும்.

8. பன்னிரண்டு தேர்வுகளை அடுக்குவது

பன்னிரண்டு இடம் கிடைக்கும். பல பேர் மூன்றை மட்டும் நிரப்பிவிட்டு விடுகிறார்கள், அல்லது பன்னிரண்டிலும் சட்டத்தையே போடுகிறார்கள். இரண்டும் தவறு.

கடைசியில் வருவது ஒரே ஓர் இடம்தான். பட்டியலில் உள்ள பன்னிரண்டிலிருந்தும் பொறுக்கிக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். இது மட்டும் கிடைத்தால் போவேனா? போக மாட்டேன் என்றால் எழுதாதீர்கள்.

உங்கள் மெரிட்டைவிட சராசரி சற்று அதிகமாக இருப்பவற்றை மேலே வையுங்கள், இரண்டு மூன்று போதும். நடுவில் உங்கள் எண்ணை ஒட்டியவை. கீழே, உங்கள் எண்ணைவிட நன்றாகக் குறைந்த சராசரி உள்ளவை, ஆனால் உண்மையிலேயே படிக்க ஒப்புக்கொள்பவை. கீழ்ப்பகுதியை அவசரத்தில் நிரப்பாதீர்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் நிறைய பேருக்கு வந்தது ஏழு, எட்டு, ஒன்பதாம் தேர்வுதான்.

மேலே சொன்ன 80.33 பிள்ளை வணிகத்தை விரும்புகிறது, எஸ்பிஎம் கணிதமும் கிரெடிட். அதற்கு யூயூஎம்மின் கணக்கியல் மேலே, மனிதவளமும் சந்தைப்படுத்தலும் தளவாடமும் நடுவே, வேறு பல்கலைக்கழகங்களில் அதே துறைகளும் பொது நிர்வாகமும் கீழே என்று போடலாம். ஒரே பல்கலைக்கழகத்தை மட்டும் பன்னிரண்டு முறை எழுதுவதைவிட, துறையை உறுதியாகப் பிடித்துக்கொண்டு இடத்தைப் பரப்புவது எனக்குச் சரியாகப் படுகிறது. பெற்றோர் சிலர் இதற்கு நேர்மாறாக, பல்கலைக்கழகத்தின் பெயருக்காகத் துறையை விட்டுக்கொடுப்பார்கள். நான்கு ஆண்டு வகுப்பில் உட்காரப் போவது அவர்கள் இல்லை. ஹார்வர்ட் பெயர் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே அந்தப் பெயரில் ஒரு தோட்டம் இருக்கிறது.

நேர்முகம் உள்ள படிப்புகளையே அடுக்காதீர்கள். அழைப்பு வராமலோ போக முடியாமலோ போனால் அந்த வரிகள் எல்லாம் வீண்.

9. நிரப்பி முடித்தபின் அனுப்புங்கள்

சேமிப்பதும் அனுப்புவதும் வேறு வேறு. ஹந்தார் என்ற பொத்தானை அழுத்தி, விண்ணப்பப் படிவத்தைக் கோப்பாக இறக்கி, கைப்பேசியில் ஒன்றும் அச்சில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தானாக வந்து நிற்கும் தேர்வு முடிவுகளையும் ஒரு முறை சரிபாருங்கள்.

விண்ணப்பக் காலம் முடியும்வரை தேர்வுகளை மாற்றி அமைக்கலாம். எஸ்டிபிஎம் முடிவு வந்தவுடன் மூன்றாம் பகுதியில் சொன்ன கணக்கைப் புதிதாகப் போட்டு, பட்டியலைத் திரும்ப அடுக்குங்கள். முடிவு வருமுன் எதிர்பார்ப்பில் அடுக்கியதை அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம்.

கடைசி இரவில் தளம் மெதுவாகும். தோட்டத்தில் இணைய வேகம் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

10. நேர்முகத்துக்கு அழைத்தால்

கல்வியியல், ஆலோசகப் பணி போன்றவற்றுக்கு இது சாதாரணம். பெரும்பாலும் மலாயில் பேச வேண்டும், இடையில் ஆங்கிலக் கேள்வியும் வரும். “ஏன் இந்தத் துறை?” என்பதற்கு “சிறுவயதிலிருந்தே ஆசை” என்ற பதில் எடுபடாது. தோட்டத்தில் டியூஷன் கொடுத்தது, கோயில் இளைஞர் மன்றத்தில் கணக்குப் பார்த்தது என்று செய்ததைச் சொல்லுங்கள். இணையவழி நேர்முகம் என்றால் சிக்னல் நன்றாக வரும் வீட்டை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

11. இடம் கிடைத்தபின் பணம்

குறிப்பிட்ட நாளுக்குள் தெரிமா, அதாவது ஏற்கிறேன், என்று உறுதிசெய்யாவிட்டால் இடம் போய்விடும். அது முதல் வேலை.

இரண்டாவது, பிடிபிடிஎன் கல்விக் கடன். விண்ணப்பிக்க மாணவர் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை முன்பே திறந்துவிடுங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கடன் அளவு மாறும். எஸ்டிஆர் என்ற அரசு ரொக்க உதவி பெறும் குடும்பம் என்றால் அந்த விவரத்தைக் கையில் வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்) வரை முன்பணம் உண்டு. பதிவு நாளன்று கட்ட வேண்டியதில் அது பெரிய உதவி. கேட்டால்தான் வரும், தானாக வராது.

கடன் பணம் முதல் செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் கணக்கில் ஏறும். அதுவரை சாப்பாட்டுக்கும் மெத்தை, வாளிக்கும் குடும்பம் ஒதுக்கி வைக்க வேண்டும். யூயூஎம்மில் விடுதியை இனாசிஸ் என்பார்கள். வளாகம் காட்டுக்குள் இருப்பதால் முதலாண்டில் வெளியே அறை தேடும் எண்ணம் வேண்டாம்.

12. கிடைக்காவிட்டால்

முறையீட்டுக்குச் சில நாட்கள் மட்டும் யூபியூ திறக்கும். ராயுவான் என்று தேடுங்கள். அப்போது காட்டப்படுவது காலியிடம் உள்ள படிப்புகள் மட்டும். எனவே பழைய பன்னிரண்டை நினைத்துக்கொண்டிருக்காமல், புதிய பட்டியலை ஐந்தாம் பகுதியில் சொன்ன மாதிரி மறுபடி வாசியுங்கள்.

இந்தச் சமயத்தில் “உள்ளே ஆள் இருக்கிறார், ஆயிரம் கொடுத்தால் சீட்” என்று பேசுபவர்கள் வருவார்கள். யூபியூவில் அப்படி ஒரு வழி இல்லை. பணத்தைக் கொடுக்காதீர்கள். சில பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் திறந்த வழிச் சேர்க்கை உண்மைதான். ஆனால் அதில் அரசு மானியம் இல்லாத கட்டணம், யூபியூ வழியைவிடப் பல மடங்கு. பக்கத்திலேயே செமலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகத்தோடு செலவை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

மெரிட்தான் தடையாக இருந்தது என்றால் எஸ்டிபிஎம் தாள்களைத் திரும்ப எழுதலாம். இரண்டில் நல்ல முடிவையே எடுத்துக்கொள்வார்கள். எல்லாத் தாள்களையும் திரும்ப எழுதத் தேவையில்லை. எந்தப் பாடத்தில் ஒரு படி ஏறினால் சராசரி எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தவணைத் தாளுக்கு மட்டும் பதியுங்கள்.